குளிர்ந்த வளியும் எஞ்சினின் வலுவும்

மாணவர்களே, அடர்த்தி என்பது திணிவைக் கனவளவினால் வகுக்கப் பெறப்படுவது என்பதையும், திரவ நிரலொன்றின் அமுக்கம் அதன் உயரத்தில் தங்கியுள்ளது என்பதையும் நீங்கள் கற்றுள்ளீர்கள். இவ்விரண்டையும் தனித்தனியே வினாவும்போது பலர் சரியாக விடையளிப்பர். ஒரே பொருளில் இரண்டையும் சேர்த்து வினாவினால் தடுமாறுவர். எனவே இங்கு ஒரே பொருளை எடுத்து, அதில் இவ்விரு எண்ணக்கருக்களும் எவ்வாறு தொழிற்படுகின்றன எனப் பார்ப்போம். அப்பொருள், வீட்டில் செய்யப்படும் குளிர்வளி உள்ளெடுப்புக் குழாய்.

ஐக்கிய அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருப்போரிடையே இது பிரபலமான ஒரு வேலை. நாம் கெப் என அழைக்கும் வாகனமே அது. தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட வளி வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவ வடிகட்டி ஒன்றையும் அகன்ற குழாய் ஒன்றையும் பொருத்துவர். எஞ்சினின் வலு கூடும், எரிபொருள் மிச்சமாகும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. இவற்றுள் எது உண்மை, எது வெறும் நம்பிக்கை என்பதை நீங்கள் கற்ற விஞ்ஞானத்தைக் கொண்டே தீர்மானிக்கலாம்.

எஞ்சின் எவ்வளவு வளியை உறிஞ்சுகிறது?

நான்கடிப்பு எஞ்சின் ஒன்றின் அடிப்புகள் உறிஞ்சல், நெருக்கல், வலு, வெளியேற்றல் என்பன. இந்நான்கும் நிறைவேற மாற்றித்தண்டு இரு முறை சுழல வேண்டும். ஆகவே ஒவ்வொரு உருளையும் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை மாத்திரமே வளியால் நிரம்புகிறது. கணிப்பின்போது மாணவர்கள் அடிக்கடி மறந்துவிடும் இடம் இதுவே.

ரொயோட்டா நிறுவனத்தின் சில கெப் வாகனங்களில் உள்ள 2.7 லீற்றர் நான்கு உருளைப் பெற்றோல் எஞ்சினை உதாரணமாகக் கொள்வோம். அது நிமிடத்திற்கு 4000 முறை சுழலும்போது 2000 முறை நிரம்பும். ஆகவே ஒரு நிமிடத்தில் உள்ளெடுக்கப்படும் கனவளவு 2000 × 2.7 = 5400 லீற்றர். ஒரு செக்கனுக்கு 90 லீற்றர். வேறு விதமாகச் சொன்னால், நான்கரைச் செக்கனில் வழக்கமான இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்கள் கொள்ளும் அளவு வளி அக்குழாயினூடாகச் செல்கிறது. உண்மையில் உருளைகள் முற்றாக நிரம்புவதில்லை. ஆயினும் எமது கணிப்புக்கு இது போதும்.

இப்போது முக்கியமான கருத்துக்கு வருவோம். எஞ்சின் உறிஞ்சும் கனவளவு மாறாதது, அது உருளையின் பருமனால் நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் தகனத்திற்கு வேண்டியது கனவளவு அன்று, ஒட்சிசனின் திணிவு ஆகும். ஒரே கனவளவுக்குள் கூடிய திணிவைப் புகுத்த வேண்டுமாயின் வளியின் அடர்த்தியைக் கூட்ட வேண்டும். வளியைக் குளிராக எடுப்பது அதற்கான ஒரு வழி. அமுக்கத்தைக் கூட்டுவது மற்றைய வழி.

அமுக்கம் மாறாதிருக்கும்போது வாயுவின் அடர்த்தி அதன் தனிவெப்பநிலைக்கு நேர்மாறு விகிதசமனாகும். செல்சியஸ் பெறுமானத்துடன் 273 ஐக் கூட்டத் தனிவெப்பநிலை கிடைக்கும். வெளி வளியின் வெப்பநிலை 27 பாகை செல்சியஸ், அதாவது 300 கெல்வின் எனக் கொள்வோம். வாகனம் நெரிசலில் நின்று நின்று செல்லும்போது பொனட்டின் கீழுள்ள வளி 57 பாகை, அதாவது 330 கெல்வின் எனக் கொள்வோம். வளிமண்டல அமுக்கத்தில் முதலாவதன் அடர்த்தி கன மீற்றருக்கு 1.18 கிலோகிராம், இரண்டாவதன் அடர்த்தி 1.07 கிலோகிராம். செல்சியஸ் எண்களை அப்படியே போட்டு 57 ஐ 27 ஆல் வகுத்தவர், அடர்த்தி இரு மடங்குக்கு மேல் மாறுகிறது என்று எழுதுவார். அவ்விடைக்குப் புள்ளி இல்லை.

90 லீற்றர் என்பது 0.09 கன மீற்றர். ஆகவே குளிர்ந்த வளியாயின் செக்கனுக்கு ஏறத்தாழ 106 கிராமும், சூடான வளியாயின் ஏறத்தாழ 96 கிராமும் உட்செல்லும். பெற்றோலின் ஒரு பங்கு முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 பங்கு வளி திணிவின்படி வேண்டும். எனவே முதலாவது நிலையில் செக்கனுக்கு 7.2 கிராம் பெற்றோலையும், இரண்டாவது நிலையில் 6.5 கிராமையும் எரிக்கலாம்.

அப்படியானால் வலு 10 சதவீதம் கூடுமா? கூடாது. குளிர்ந்த வளி எஞ்சினுக்குள் போகும் வழியில் உள்ள உலோகச் சுவர்களும் வால்வுகளும் சூடானவை. வெப்பநிலை வித்தியாசம் கூடும்போது வெப்ப இடமாற்றமும் கூடும் என்பதால், குளிர்ந்த வளி வழியிலேயே கூடுதலாகச் சூடாகிவிடும். எஞ்சின்களின் வலுவை வெவ்வேறு காலநிலைகளில் ஒப்பிடுவதற்காக அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கம் வகுத்த நியமத்தில் தனிவெப்பநிலை விகிதத்தின் வர்க்கமூலமே எடுக்கப்படுகிறது. 330 ஐ 300 ஆல் வகுத்து வர்க்கமூலம் காண 1.05 வரும். அதாவது 30 பாகை வித்தியாசத்திற்கு ஏறத்தாழ 5 சதவீத நயம். அதுவும் மிதியை முற்றாக அழுத்தும்போது மாத்திரமே.

எரிபொருள் மிச்சமாகுமா?

விளம்பரங்கள் கூடும் என்கின்றன. காரணத்தோடு சிந்தித்தால் வேறு விடை கிடைக்கும். நீங்கள் மெதுவாகச் செல்லும்போது அக்சிலரேற்றர் மிதியைச் சிறிதளவே அழுத்துகிறீர்கள். அப்போது உள்ளெடுப்புக் குழாயின் இறுதியிலுள்ள தட்டு வால்வு பாதி மூடியபடி வளியைத் தடுத்து வைத்திருக்கிறது. எஞ்சினுக்குப் போதிய வளி கிடைக்காமையன்று, வேண்டுமென்றே வளி குறைக்கப்படும் நிலை இது. அந்நேரத்தில் அடர்த்தி கூடிய வளியைக் கொடுத்தால் சாரதி மிதியை இன்னும் சற்றுக் குறைவாக அழுத்துவார், அவ்வளவுதான். கணினி, வளியின் திணிவுக்கு ஏற்பவே பெற்றோலைத் தெளிக்கும்.

ஐக்கிய அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நவீன பெற்றோல் கார்களின் வளி வடிகட்டி அடைபட்டிருந்தபோதும் எரிபொருள் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. ஆர்முடுகல் மட்டும் குறைந்தது. அடைபட்ட வடிகட்டியாலேயே எரிபொருட் செலவு கூடவில்லையாயின், நல்ல வடிகட்டியை நீக்கி இன்னொன்றைப் பொருத்துவதால் எதை மிச்சப்படுத்த முடியும்?

டீசல் எஞ்சினின் நிலை வேறு. அதில் அவ்வாறான தட்டு வால்வு வழமையாக வளியைக் கட்டுப்படுத்துவதில்லை. தெளிக்கப்படும் டீசலின் அளவே வலுவைத் தீர்மானிக்கிறது. வளி போதாவிடின் டீசல் முற்றாக எரியாது கரும்புகையாக வெளியேறும். மலைப்பாதையில் பாரமேற்றிய பழைய லொறி கக்கும் கரும்புகையை நீங்கள் கண்டிருப்பீர்கள். அடைபட்ட வடிகட்டி அதற்கொரு காரணமாக இருக்கலாம். இலங்கையில் 2008 ஆம் ஆண்டில் வாகனப் புகைப் பரிசோதனை ஆரம்பிக்கப்பட்ட பின்னர், பரிசோதனைக்குச் செல்லுமுன் வடிகட்டியைப் பார்ப்பது நல்ல சாரதிகளின் வழக்கம். மேலும் ரேர்போ பொருத்திய டீசல் வாகனங்களில் வளி நெருக்கப்படும்போதே நன்கு சூடாகிவிடும். அதைக் குளிர்விக்க இன்ரர்கூலர் எனப்படும் தனியான குளிர்த்தி உண்டு. அங்கு குழாயின் வாயைப் பற்றிக் கவலைப்படுவதைவிட இன்ரர்கூலரில் படிந்த சேற்றைக் கழுவுவது பயனுள்ளது.

வாய் எங்கே இருக்கிறது?

வீட்டில் செய்யப்படும் உள்ளெடுப்புகளில் பெரும்பாலானவை தவறுவது இங்கேதான். பெட்டியை எறிந்துவிட்டு, கூம்பு வடிகட்டியை எஞ்சினுக்கு அருகிலேயே திறந்தபடி விட்டுவிடுவர். அது உறிஞ்சுவது றேடியேற்றரினூடாக வந்த சூடான வளியை. பெயரோ குளிர்வளி உள்ளெடுப்பு! எஞ்சினின் உறுமல் ஓசை கூடுவதால் வலுவும் கூடிவிட்டதாக உணர்வர். தொழிற்சாலைப் பெட்டியில் ஓசையைத் தணிப்பதற்கென ஒரு வெற்று அறை உண்டு. அது நீக்கப்பட்டதாலேயே ஓசை எழுகிறது.

நீங்கள் ஒரு கெப்பின் பொனட்டைத் திறந்து அதன் வளிப் பெட்டியிலிருந்து புறப்படும் குழாயைத் தொடர்ந்து பாருங்கள். அனேகமாக அது முன் மட்காட்டின் உட்புறத்திலோ, றேடியேற்றருக்கு முன்னாலோ போய் முடியும். அதாவது தொழிற்சாலையே குளிர்வளி உள்ளெடுப்பைத் தந்திருக்கிறது. குளிர் நாடுகளுக்கான பழைய காபரேற்றர் கார்கள் சிலவற்றில் இதற்கு எதிர்மாறாக, குளிர்காலத்தில் புகைபோக்கிக் குழாயின் அருகிலிருந்து சூடான வளியை எடுக்கும் அமைப்பும் இருந்தது. காபரேற்றரில் பனி உறைந்து எஞ்சின் நின்றுவிடாதிருக்கவே அந்த ஏற்பாடு.

உலோகக் குழாய் சூட்டைக் கடத்துமே, பிளாஸ்ரிக் நல்லதல்லவா என்று வினாவலாம். ஒரு கணிப்புச் செய்து பார்ப்போம். குழாயின் உள்விட்டம் 7 சென்ரிமீற்றர் எனின் குறுக்குவெட்டுப் பரப்பு 22/7 × 3.5 × 3.5 = 38.5 சதுர சென்ரிமீற்றர். செக்கனுக்கு 90 லீற்றர் செல்லும்போது வளியின் வேகம் ஏறத்தாழ செக்கனுக்கு 23 மீற்றர். 60 சென்ரிமீற்றர் நீளமான குழாயைக் கடக்க எடுக்கும் நேரம் ஒரு செக்கனின் நாற்பதில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய நேரத்தில் சுவரிலிருந்து பெறும் வெப்பம் சொற்பமே. வாய் இருக்கும் இடமே முக்கியம், குழாய் எதனால் ஆனது என்பது இரண்டாம் பட்சம். ஆனால் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குரிய பீ.வீ.சீ. ஏறத்தாழ 80 பாகையில் இளகத் தொடங்கும். புகைபோக்கிக் குழாய்க்கு அருகே அதைக் கொண்டுசெல்ல முடியாது.

இதே 90 லீற்றரை 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாயினூடாக அனுப்பினால் வேகம் செக்கனுக்கு 46 மீற்றர் ஆகும். வேகம் இரு மடங்காகும்போது அமுக்க இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். குறுகிய குழாய் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

வாகனம் முன்னோக்கி ஓடும்போது எதிர்க்காற்று தானாகவே வளியை உள்ளே தள்ளாதா? மணிக்கு 100 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 27.8 மீற்றர். ஒரு கன மீற்றர் வளியின் திணிவு 1.18 கிலோகிராம். அதன் இயக்கசக்தி, திணிவின் அரைவாசியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க, ஏறத்தாழ 456 யூல். ஒரு கன மீற்றருக்கு ஒரு யூல் என்பது ஒரு பஸ்கால் அமுக்கத்திற்குச் சமன். அலகுகளைப் பிரித்துப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். ஆகவே அச்சக்தி முழுவதும் அமுக்கமாக மாறினாலும் கிடைப்பது 456 பஸ்கால். வளிமண்டல அமுக்கமோ ஏறத்தாழ ஒரு இலட்சம் பஸ்கால். நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை.

வெட்டுமுன் அளத்தல்

கவனமாக வேலை செய்வோர் முதலில் வெப்பமானியின் நுனியை வடிகட்டிக்குப் பின்னாலுள்ள குழாயினுள் செலுத்தி, வாகனம் ஓடும்போது வாசிப்பை எடுப்பர். வெளி வெப்பநிலை 27 பாகை, உள்ளே 32 பாகை எனின் வித்தியாசம் 5 பாகை. 305 ஐ 300 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். ஒரு சதவீதத்திலும் குறைவான நயம் அது. அதற்காகக் குழாயை வெட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது அளவீடு உங்கள் பாடத்திலிருந்து நேரடியாக வருவது. ஒளிபுகும் பிளாஸ்ரிக் குழாய் ஒன்றை ஒரு பலகையில் ப வடிவில் வளைத்துக் கட்டி, நிறமூட்டிய நீரைப் பாதிவரை ஊற்றினால் அதுவே நீர் மனோமானி. ஒரு முனையை வடிகட்டிக்குப் பின்னாலுள்ள சிறு துளையுடன் இணைத்து, மறுமுனையைத் திறந்துவிடுக. மிதியை முற்றாக அழுத்தி ஓடும்போது இரு புயங்களின் நீர்மட்ட வித்தியாசம் 20 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். உயரம் × அடர்த்தி × ஈர்ப்பு ஆர்முடுகல் என்பதன்படி 0.2 × 1000 × 10 = 2000 பஸ்கால். வளிமண்டல அமுக்கத்தின் 2 சதவீதம் வழியிலேயே இழக்கப்படுகிறது என்பது பொருள். வடிகட்டிக்கு முன்னாலும் பின்னாலும் இவ்வாறு அளந்தால் தடை வடிகட்டியிலா, குழாயின் வளைவிலா எனத் தெரியும். பல நேரங்களில் குற்றவாளி வடிகட்டியாக இருப்பதில்லை, பெட்டிக்குள் நுழையும் குறுகிய மூக்குக் குழாயாக இருக்கும். அதை மாத்திரம் சற்று அகலமாக்கி, விளிம்பை மழுங்கலாக வளைத்துவிட்டால் போதும்.

துளை இடப்படும் இடம் தட்டு வால்வுக்கு முன்னால் இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் இணைத்தால் என்ன நேரும்? பெற்றோல் எஞ்சின் வெறுமனே மெல்ல ஓடும்போது அங்குள்ள அமுக்கம் வளிமண்டலத்தைவிட ஏறத்தாழ 60 000 பஸ்கால் குறைவு. அதைத் தாங்க 6 மீற்றர் உயர நீர் நிரல் வேண்டும். உங்கள் ஒன்றரை மீற்றர் குழாயிலுள்ள நீர் முழுவதும் எஞ்சினுக்குள் போய்விடும்.

செய்ய முற்படுவோர் கவனிப்பவை

அளந்த பின்பும் மாற்றம் தேவை எனத் தெரிந்தால், வடிகட்டியைச் சுற்றி அலுமினியத் தகட்டால் ஒரு பெட்டி அமைத்து, அதன் மேல் விளிம்பில் இறப்பர் பட்டி ஒட்டி, பொனட் மூடும்போது சூடான வளி உட்புகாதவாறு அடைப்பர். எஞ்சின் தன் தாங்கிகளில் ஆடுவதால் குழாயை நேரடியாகப் பொருத்தாமல் இறப்பர் இணைப்பும் கிளிப்பும் இடுவர். மூட்டுகளில் ஒரு மயிரளவு இடைவெளியும் கூடாது. வடிகட்டிக்குப் பின்னாலுள்ள கசிவினூடாகப் போகும் தூசியில் குவார்ட்சுத் துணிக்கைகள் உள்ளன. அவை உருளைச் சுவரைக் கீறும். ஐந்து சதவீத வலுவுக்காக எஞ்சினின் ஆயுளை விற்பது நல்ல வியாபாரமன்று.

புதிய வாகனங்களில் குழாயினுள் வளித்திணிவு உணரி உண்டு. சூடாக்கப்பட்ட கம்பியை வளி எவ்வளவு குளிர்விக்கிறது என்பதைக் கொண்டு அது வளியின் பாய்ச்சலை மதிப்பிடுகிறது. அது உள்ள இடத்தில் 7 சென்ரிமீற்றர் குழாய்க்குப் பதிலாக 8 சென்ரிமீற்றர் குழாயைப் பொருத்தினால் பரப்பு 64 க்கு 49 என்ற விகிதத்தில், அதாவது ஏறத்தாழ 1.3 மடங்காகக் கூடும். வேகம் குறைவதால் உணரி குறைவாகக் காட்டும். கணினி பெற்றோலைக் குறைத்துத் தெளிக்கும். ஓரளவுக்கு ஒட்சிசன் உணரி அதைத் திருத்தும். எல்லை மீறினால் எச்சரிக்கை விளக்கு எரியும். கலிபோர்னியாவில் அம்மாநில வளி வளங்கள் சபையின் அனுமதி இலக்கம் இல்லாத உள்ளெடுப்பு பொருத்திய வாகனம் புகைப் பரிசோதனையில் கண்பார்வைச் சோதனையிலேயே தவறிவிடும். வீட்டில் செய்ததற்கு அவ்விலக்கம் இராது.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து நீர். குளிர்ந்த வளி கீழேதான் உண்டு என எண்ணிச் சிலர் வாயை முன் பம்பருக்குள் தாழ்வாக வைக்கின்றனர். வடகீழ்ப் பருவமழையில் வீதிகள் குளமாகும் எமது பகுதிகளில் அவ்வாறு செய்தால் என்ன ஆகும் என்பதைப் பின்வரும் வினாவினூடாக நீங்களே காண்க.

வினா: 3 லீற்றர் நான்கு உருளை டீசல் எஞ்சின் ஒன்றின் நெருக்கல் விகிதம் 18 க்கு 1 ஆகும். (அ) ஓர் உருளையில் முசலம் அசையும் கனவளவு யாது? (ஆ) முசலம் உச்சியை அடையும்போது எஞ்சியிருக்கும் கனவளவு யாது? (இ) அவ்வெஞ்சினின் ஓர் உருளைக்குள் 50 மில்லிலீற்றர் நீர் புகுந்தால் நிகழ்வது யாது? (ஈ) நீரில் நின்றுவிட்ட வாகனத்தை மீண்டும் ஸ்ராட் செய்யலாகாது எனக் கூறப்படுவது ஏன்?

விடை: (அ) 3000 ஐ 4 ஆல் வகுக்க 750 கன சென்ரிமீற்றர். (ஆ) எஞ்சும் கனவளவின் 18 மடங்கே மொத்தக் கனவளவு. ஆகவே முசலம் அசையும் கனவளவு அதன் 17 மடங்காகும். 750 ஐ 17 ஆல் வகுக்க ஏறத்தாழ 44 கன சென்ரிமீற்றர். இது மூன்று மேசைக்கரண்டி அளவுதான். 18 ஆல் வகுத்து விடை எழுதுவது வழமையான பிழை. (இ) வாயுவைப் போலன்றி நீரை நெருக்க முடியாது. 44 கன சென்ரிமீற்றர் இடத்தில் 50 மில்லிலீற்றர் நீர் அடங்காமையால் முசலம் உச்சியை அடையுமுன் தடுக்கப்படும். மற்றைய உருளைகளும் பறக்குஞ்சில்லின் உந்தமும் மாற்றித்தண்டைத் தொடர்ந்து சுழற்ற முயல்வதால், முசலத்தையும் மாற்றித்தண்டையும் இணைக்கும் கோல் வளையும் அல்லது முறியும். (ஈ) உருளைக்குள் நீர் இருக்கும் நிலையில் ஸ்ராட்டர் மோட்டர் சுழற்றும்போதும் இதுவே நிகழலாம். பெற்றோல் எஞ்சினாயின் தீப்பொறிச் செருகிகளையும், டீசல் எஞ்சினாயின் எரிபொருள் தெளிப்பிகளையும் கழற்றிவிட்டுச் சுழற்றினால், நீர் அத்துளைகளினூடாக வெளியேறும். அதற்கு முன் வடிகட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது நனைந்திருந்தால் வாகனத்தை இழுத்துச் செல்வதே முறை.